மாட்டுங்கா லேபர் கேம்ப்: நிலம், அடர்த்தி, சூழல் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது தமிழ் மரபு. ஒரு நிலத்தின் இயல்பே அங்கு வாழ்வோரின் தொழிலையும் உணவையும் வழிபாட்டையும் வடிவமைக்கின்றது என்பது திணைக் கோட்பாட்டின் உட்கிடை. ஆயினும் புலம்பெயர்ந்த தமிழரின் வரலாறு எழுதப்படும்போது அவர்கள் நிறுவிய சங்கங்களும் பள்ளிகளும் கோயில்களும் இடம்பெறும் அளவிற்கு, அவர்கள் கால்பதித்த நிலம் இடம்பெறுவதில்லை. மும்பை நகரின் நடுவே தாராவியின் ஒரு பகுதியாக விளங்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப், இக்குறையை நிறைவு செய்வதற்கு உகந்த களமாகும். நகரின் மையப்பகுதியில் கட்டடங்களும் மக்களும் அடர்ந்து பெருகும்போது காற்று, ஒளி, நீர், நிலம் ஆகியவற்றில் விளையும் மாற்றங்களை அதன் வரலாற்றின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாராவியின் சூழற்கேடுகளுக்கு அதன் மக்கள் நெருக்கமே காரணம் என்னும் கருத்து பரவலாக நிலவுகின்றது. நெருக்கம் ஒரு காரணமே. ஆனால் நெருக்கத்தினால் விளையும் தீங்கின் அளவை, கட்டடங்களுக்கு இடையே விடப்படும் வெளியும் நீர் வடியும் வழியும் அவற்றை வரையறுக்கும் விதிகளுமே முடிவு செய்கின்றன என்பதை வரலாற்றுச் சான்றுகள் உணர்த்துகின்றன.

நெய்தல் நிலம் திரிந்த வரலாறு

தாராவி தொடக்கத்தில் கோலி மீனவர்களின் ஊராகும். மாகிம் கழிமுகத்தை ஒட்டி அமைந்த இவ்வூர், பம்பாயின் பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக 1909ஆம் ஆண்டின் அரசிதழ்க் களஞ்சியத்தில் குறிக்கப்பெற்றுள்ளது. கழியின் கரையில் இன்றும் நிற்கும் ரிவா கோட்டை 1737ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளூர் மக்கள் இதனைக் காலா கில்லா என்பர். கடல் நீரும் மித்தி ஆற்று நீரும் கலந்த உப்பங்கழியும் அலையாத்திக் காடுகளும் சதுப்பும் இப்பகுதியின் இயற்கையாக இருந்தன. தமிழ் மரபின்படி இதனை நெய்தல் நிலம் எனலாம்.

இந்நிலத்தின் இயல்பை மாற்றிய முதற் காரணிகள் சாலைகளாகும். தீவுகளை இணைக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட சயான் தரைப்பாலம் 1805ஆம் ஆண்டிலும், மாகிம் தரைப்பாலம் 1845ஆம் ஆண்டிலும் பயன்பாட்டிற்கு வந்தன. இவற்றால் கழியின் நீரோட்டம் தடைப்பட்டு வண்டல் படிந்தது. மீன்வளம் குறைந்தது. மேடாகிய சதுப்பில் குடியேற்றங்கள் தோன்றத் தொடங்கின. நகரின் கழிவுகளைக் கொண்டே பள்ளங்கள் நிரப்பப்பட்டன. ஆதலின் தாராவியின் தரை, நகரம் வேண்டாம் என ஒதுக்கியவற்றின் மீது எழுந்த தரையாகும்.

நிலத்தைப் போன்றே தொழில்களும் ஒதுக்கப்பட்டே இங்கு வந்து சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரின் விளிம்பாக இருந்த இப்பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறுவப்பட்டன. திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்கள் இத்தொழிலில் முன்னின்றனர். அதே பகுதியிலிருந்து பஞ்சத்தாலும் சாதியக் கொடுமையாலும் வெளியேறிய ஆதிதிராவிட மக்கள் உழைப்பாளர்களாக வந்தனர். தாராவியின் பெரிய மசூதி 1887ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1913ஆம் ஆண்டில் கணேசர் கோயில் எழுந்தது. 1924ஆம் ஆண்டில் தமிழ்ப் பள்ளி நிறுவப்பெற்றது. நகரிலிருந்து அகற்றப்பட்ட சௌராட்டிரக் குயவர்களும் 1930களின் தொடக்கத்தில் இங்குக் கும்பர்வாடாவை அமைத்தனர்.

பெயரிலேயே ‘முகாம்’ என்னும் தற்காலிகத் தன்மையைத் தாங்கிய லேபர் கேம்ப், தமிழரும் மராத்தியரும் பிற மொழியினரும் கலந்து வாழ்ந்த உழைப்பாளர் குடியிருப்பாகும். 1940களில் இது தொழிலாளர் இயக்கத்தின் களமாகவும் விளங்கியது. மராத்தி மக்கள் பாடகரும் எழுத்தாளருமான அண்ணாபாவ் சாட்டே இங்கு வாழ்ந்தவர். மராத்தி தலித் இலக்கிய முன்னோடி பாபுராவ் பாகுல் தம் இளமைக் காலத்தை இங்குக் கழித்தவர். தற்காலிகம் எனப் பெயரிடப்பட்ட இடத்தில் நிலைத்த பண்பாடு ஒன்று வேர்கொண்டது. ஆனால் வடிகால், குடிநீர், கழிப்பிடம் முதலிய நிலைத்த வசதிகள் நெடுங்காலம் வந்து சேரவில்லை.

இருப்புப் பாதையின் இருபுறம்

1896ஆம் ஆண்டில் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய், நகரத்தின் நெருக்கம் குறித்த எண்ணங்களை அடியோடு மாற்றியது. காற்றும் ஒளியும் புகாத வீடுகளே நோயின் விளைநிலம் என அன்றைய ஆட்சியாளர் கருதினர். இதன் விளைவாக 1898ஆம் ஆண்டில் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பெற்றது. நெருக்கமான பழைய நகரின் மக்களை வடக்கே பரவச் செய்யும் பொருட்டு இவ்வமைப்பு தாதர்-மாட்டுங்கா, சயான்-மாட்டுங்கா முதலிய திட்டங்களை வகுத்தது. அகன்ற சாலைகள், மரவரிசைகள், ஐந்து தோட்டங்கள், கட்டடங்களுக்கு இடையே வரையறுக்கப்பட்ட இடைவெளி ஆகியவற்றுடன் கிழக்கு மாட்டுங்கா உருவாயிற்று. அலுவலகப் பணிகளுக்காகக் குடியேறிய தமிழ் நடுத்தர வகுப்பினர் இங்கு நிலைபெற்றனர். 1932ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகம் இக்குடியேற்றத்தின் விளைவாகும்.

அறக்கட்டளையின் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் என்பார் வலியுறுத்திய ஒளிக்கோண விதி இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஓர் அறையின் வெளிச்சுவர் அடியிலிருந்து 63½ பாகைக் கோணத்தில் வரையப்படும் கோட்டை எதிரேயுள்ள கட்டடம் மறைத்தல் கூடாது என்பது அவ்விதி. எளிமையாகக் கூறின், எதிர்க்கட்டடத்தின் உயரத்தில் பாதியளவேனும் இடையே திறந்தவெளி இருத்தல் வேண்டும். 10 மீட்டர் உயரக் கட்டடத்திற்கு 5 மீட்டர் வெளி என்பது இதன் கணக்கு. உயரம் கூடுந்தோறும் வெளியும் கூடவேண்டும் என்னும் கொள்கையை இதிற் காணலாம்.

மத்திய இருப்புப் பாதையின் கிழக்கே திட்டமிட்ட மாட்டுங்காவும் மேற்கே லேபர் கேம்பும் உள்ளன. இருபுறமும் தமிழ் ஒலித்தது. ஆனால் ஒருபுறத்தில் நிலம் அளந்து பகுக்கப்பட்டு, ஒளிக்கும் காற்றுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. மறுபுறத்தில் அத்தகைய திட்டமிடல் எதுவும் நிகழவில்லை. கொள்ளைநோய் தந்த பாடம் இருப்புப் பாதையைக் கடந்து மேற்கே செல்லவில்லை. இவ்வேறுபாட்டைச் சாதி, வகுப்பு ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காண இயலாது.

இருவகை அடர்த்திகள்

அடர்த்தி என்னும் சொல் இருபொருள்படப் பயன்படுத்தப்படுகின்றது. ஒரு பரப்பில் வாழும் மக்களின் தொகையைக் குறிப்பது மக்களடர்த்தி. மனையின் பரப்போடு ஒப்பிடக் கட்டடத் தளங்களின் மொத்தப் பரப்பு எத்தனை மடங்கு என்பதைக் குறிப்பது தளப்பரப்புக் குறியீடு. இது கட்டட அடர்த்தியின் அளவுகோலாகும். தாராவியின் பரப்பு ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டர். அதன் மக்கள்தொகை 6 இலட்சம் முதல் 10 இலட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகின்றது. பெரும்பாலும் ஒன்றிரண்டு தளங்களே உடைய வீடுகளில் இத்தனை மக்கள் வாழ்ந்தனர். ஆகவே இங்கு மக்களடர்த்தி மிகுதி. கட்டடங்களின் உயரம் குறைவு.

இவ்வமைப்பின் சூழலியல் விளைவுகள் இருதிறத்தன. வீடும் தொழிலகமும் அருகருகே இருந்தமையால் பெரும்பாலோர் நடந்தே பணிக்குச் சென்றனர். அதனால் போக்குவரத்தின் புகை மிகுதியாக எழவில்லை. நகரின் நெகிழிக் கழிவுகளும் உலோகக் கழிவுகளும் பதின்மூன்றாம் காம்பவுண்டு பகுதியில் பிரிக்கப்பட்டு மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தன. இவை நெருக்கத்தின் நன்மைகள். மறுபுறம் நெகிழியை உருக்கும் புகையும் தோல் பதனிடும் கழிவுநீரும் அதே சந்துகளிலேயே தங்கின. தகரக் கூரைகள் வெப்பத்தைப் பெருக்கின. நெருக்கமான தகரக்கூரைக் குடியிருப்புகளின் மேற்பரப்பு வெப்பநிலை அண்டைப் பகுதிகளைவிட மிகுந்துள்ளமையை மும்பைக் காலநிலைச் செயல்திட்டம் (2022) சுட்டுகின்றது.

நெருக்கத்திற்கும் நோய்க்கும் இடையிலான தொடர்பை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று மீண்டும் வெளிப்படுத்தியது. அவ்வாண்டு சூலையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் ஆகியவற்றை உள்ளடக்கிய மூன்று மாநகராட்சி வட்டங்களில் 6,936 பேரிடம் குருதி ஆய்வு நடத்தப்பெற்றது. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும் பிற பகுதிகளில் 16 விழுக்காட்டினரிடமும் நோயெதிர்ப்புக் கூறுகள் காணப்பட்டன. பொதுக் கழிப்பிடங்களைப் பலரும் பகிர்ந்துகொள்வது இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. ஒரே வட்டத்தின் எல்லைக்குள் இத்தகைய இடைவெளி காணப்பட்டமை, மாட்டுங்காவின் இருபுற வரலாற்றை நினைவூட்டுகின்றது.

நீர் வடியும் வழி

அடர்த்தியின் விளைவுகள் ஒரு குடியிருப்பின் எல்லைக்குள் அடங்குவன அல்ல. தாராவிக்கு வடக்கே, மித்தி ஆற்றின் மறுகரையில் சதுப்பும் அலையாத்திக் காடுமாக இருந்த நிலத்தில் பந்த்ரா-குர்லா வளாகம் எழுந்தது. இதற்கான பொறுப்பு 1977ஆம் ஆண்டில் மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிதி நிறுவனங்களின் மாளிகைகள் நின்ற நிலமும் குடிசைகள் நின்ற நிலமும் ஒரே கழியின் இருகரைகளை நிரப்பிப் பெறப்பட்டவை. ஆயினும் ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல் ஒரு கரைக்கே உரியதாக ஆளப்பட்டது.

2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரைபுரண்டு தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. இதனை ஆராய்ந்த மாதவராவ் சித்தலே தலைமையிலான குழு, ஆற்றின் போக்கு பலவிடங்களிலும் குறுக்கப்பட்டதையும் வடிகால்களின் போதாமையையும் எடுத்துரைத்தது. மும்பையின் மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவிலேயே அமைந்திருந்தன. அதனை 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும் என 1993ஆம் ஆண்டிலேயே பரிந்துரைக்கப்பட்டிருந்தது. மண் மூடப்பட்டுக் கட்டடம் பெருகும் இடத்தில் மழைநீர் நிலத்துள் இறங்குவதில்லை. முழுவதும் வடிகாலையே நாடுகின்றது.

இதற்கு மாறான சான்று ஒன்றும் இதே கழிக்கரையில் உண்டு. தாராவியை ஒட்டியிருந்த குப்பை மேடு ஒன்று மண்ணிட்டு மூடப்பட்டு மரங்கள் நடப்பெற்றது. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புடைய அவ்விடம் 1994ஆம் ஆண்டில் மகாராட்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. கெட்ட நிலத்தையும் மீட்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

உச்ச வரம்பிலிருந்து குறைந்தபட்ச வரம்பிற்கு

1985ஆம் ஆண்டில் அன்றைய தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி மும்பைக்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் 37 கோடி ரூபாய் தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களை வேறிடத்திற்கு மாற்றி நெருக்கத்தைக் குறைப்பது அக்காலத் திட்டத்தின் எண்ணமாக இருந்தது. அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டை ஏற்காத தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு 1986ஆம் ஆண்டில் தானே கணக்கெடுத்து, ஏறத்தாழ 5 இலட்சத்து 30 ஆயிரம் மக்கள் வாழ்வதைக் காட்டியது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் இவ்வமைப்பின் தலைவராக இருந்தார். தம்மை எண்ணும் உரிமை தமக்கே உண்டு என மக்கள் நிறுவிய நிகழ்வாக இதனைக் கருதலாம்.

1995ஆம் ஆண்டில் குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையம் அமைக்கப்பெற்றபோது கொள்கை தலைகீழாக மாறியது. குடிசைவாழ் மக்களுக்கு 225 சதுர அடி வீடு இலவசமாகத் தரப்படும் என்பது அன்றைய ஏற்பாடு. அதற்கான செலவை, கட்டுநர் அதே நிலத்தில் கூடுதலாகக் கட்டி விற்கும் வீடுகளின் வருவாய் ஈடுசெய்யும் என்பது இதன் அடிப்படை. தீவு நகரில் 1.33 ஆக இருந்த தளப்பரப்புக் குறியீடு இத்திட்டங்களுக்கு 2.5 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு ஹெக்டேரில் குறைந்தது 500 குடியிருப்புகள் அமைதல் வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. பின்னர் இவ்வெண் 650 ஆக்கப்பட்டது.

இங்கு நுணுகி நோக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. நெருக்கத்திற்கு உச்ச வரம்பு விதிப்பதே கொள்ளைநோய்க் காலத்திலிருந்து நகரத் திட்டங்களின் மரபாக இருந்தது. மறுவாழ்வுத் திட்டமோ குறைந்தபட்ச வரம்பை விதித்தது. இலவச வீடுகள் எவ்வளவு சிறிய நிலப்பகுதியில் அடக்கப்படுகின்றனவோ, அவ்வளவு நிலம் விற்பனைக் கட்டடங்களுக்குக் கிடைக்கும். ஆதலின் ஏழையரின் கட்டடங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பது இத்திட்டத்தின் பொருளியலிலிருந்தே பிறக்கின்றது. அதற்கேற்பத் திறந்தவெளி குறித்த விதிகளும் இக்கட்டடங்களுக்குத் தளர்த்தப்பட்டன.

இதன் விளைவைச் செம்பூருக்கு அருகிலுள்ள கோவண்டி, மான்குர்டு பகுதிகளின் மீள்குடியமர்வுக் குடியிருப்புகளிற் காணலாம். அங்குள்ள லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரிக் காம்பவுண்டு, பி.எம்.ஜி. காலனி ஆகிய மூன்றும் மருத்துவர்களும் கட்டடவியல் அறிஞர்களும் இணைந்து நடத்திய ஆய்வுக்கு உட்படுத்தப்பெற்றன. 2020ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு, கட்டடங்கள் நெருங்கி நின்று ஒளியும் காற்றும் குன்றிய முதலிரண்டு குடியிருப்புகளில் காசநோய் மிகுந்திருப்பதையும், இடைவெளி மிகுந்த பி.எம்.ஜி. காலனியில் அது குறைந்திருப்பதையும் கண்டது. கீழ்த்தள வீடுகளின் நிலை மேலும் இரங்கத்தக்கது. மூன்று குடியிருப்புகளும் அடர்த்தியானவையே. அவற்றை வேறுபடுத்தியது கட்டட அமைப்பே.

நட்வர் பாரிக் காம்பவுண்டில் தரைத்தளத்தின் மேல் ஏழு தளங்கள் உள்ளன. ஒரு தளத்தின் உயரம் 3 மீட்டர் எனக் கொண்டால் கட்டடத்தின் உயரம் 24 மீட்டராகும். பழைய ஒளிக்கோண விதியின்படி எதிரெதிர்க் கட்டடங்களுக்கு இடையே 12 மீட்டர் வெளி வேண்டும். அங்கு விடப்பட்டதோ 3 மீட்டர் அளவே. ஒரு நூற்றாண்டிற்கு முன் கொள்ளைநோய்க்கு அஞ்சி வகுத்த அளவில் நான்கில் ஒரு பங்கே இன்றைய ஏழையருக்குக் கிடைத்துள்ளது என்பது இதனாற் புலனாகும்.

அடுக்கு வீடுகளால் நன்மை இல்லை என்று கூறுதல் பொருந்தாது. வீட்டிற்குள் கழிப்பறையும் குழாய்நீரும் கிடைப்பது, பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்ற பெண்களுக்குப் பெரும் விடுதலையாகும். கழிவுநீர் திறந்த சாக்கடையில் ஓடாது என்பதும் சூழலுக்கு நலம். ஆனால் பகலிலும் விளக்கும் விசிறியும் தேவைப்படும் அறைகளில் மின்செலவு கூடுகின்றது. ஒரு தீங்கை நீக்கும் முயற்சி மற்றொரு தீங்கை வருவித்தல் கூடாது என்பதே இங்கு எழும் கேள்வி.

இன்றைய மறுமேம்பாடும் இடம் மாறும் சுமையும்

2004ஆம் ஆண்டில் மாநில அரசு ஏற்ற தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் பலமுறை தடைப்பட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் 5,069 கோடி ரூபாய் முன்மொழிவுடன் அதானி குழுமம் இதனைப் பெற்றது. அக்குழுமம் 80 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் பங்கு கொண்ட நிறுவனம் பணியை மேற்கொண்டது. 2024ஆம் ஆண்டில் வீடுகளின் கணக்கெடுப்பு தொடங்கியது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றது.

2000ஆம் ஆண்டு தொடக்கத்திற்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் 2011ஆம் ஆண்டு தொடக்கம் வரை குடியேறியோர்க்கும் மேல்தளங்களில் வாழ்வோர்க்கும் தாராவிக்கு வெளியே வீடுகள் என்பது ஏற்பாடு. மேல்தளம் என்பது பெரும்பாலும் குடும்பம் பெருகியபோது மகனுக்கோ மகளுக்கோ எழுப்பிய அறையாகும். ஒரே ஏணியின் மேலும் கீழும் வாழ்ந்தோர் இதனால் இருவேறு நிலங்களுக்கு உரியோராகப் பிரிக்கப்படுகின்றனர்.

வெளியே ஒதுக்கப்பட்ட நிலங்களின் இயல்பு சூழலியல் நோக்கில் கருதத்தக்கது. 2024ஆம் ஆண்டில் காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்டு பகுதிகளின் உப்பள நிலம் ஏறத்தாழ 256 ஏக்கரும், தேவனார் குப்பைக் கிடங்கின் நிலம் 124 ஏக்கரும் இத்திட்டத்திற்கென முடிவு செய்யப்பட்டன. உப்பளங்கள் மழைநீரையும் கடல்நீரையும் ஏற்று வெள்ளத்தைத் தணிப்பவை. தேவனார் கிடங்கு 1927ஆம் ஆண்டு முதல் நகரின் குப்பையைத் தாங்கியது. அங்குக் குவிந்துள்ள 1 கோடியே 85 இலட்சம் டன் குப்பையை அகற்ற மாநகராட்சி 2025ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. மாகிம் கழிக்கரையின் குப்பை மேட்டில் மரங்கள் வளர்க்கப்பட்டன. தேவனாரின் குப்பை மேட்டில் மக்கள் குடியமர்த்தப்பட உள்ளனர். 19ஆம் நூற்றாண்டில் சதுப்பையும் குப்பையையும் நிரப்பி உழைப்பாளர் குடியேறிய வரலாறு, வேறோர் இடத்தில் மீண்டும் தொடங்குகின்றது எனலாம்.

தாராவிக்குள் தங்குவோர் இழப்பதும் உண்டு. பொங்கலன்று தமிழ்ப் பெண்கள் தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவது இப்பகுதியின் வழக்கம். விடியுமுன் இட்டலி அவித்து நகரெங்கும் அனுப்பும் குடும்பங்களுக்கும் முறுக்குச் சுடும் குடும்பங்களுக்கும் வாசலே தொழிற்கூடம். இங்குத் தெரு என்பது முற்றமாகவும் களமாகவும் காற்றுவழியாகவும் பயன்பட்டது. அடுக்கு மாடியின் நடைக்கூடம் இப்பணிகளைச் செய்ய இயலாது. திறந்தவெளியைச் சதுர அடியில் மட்டும் அளக்கும் திட்டங்கள் இப்பயன்பாட்டைக் கணக்கிற் கொள்வதில்லை.

முடிவுரை

மாட்டுங்கா லேபர் கேம்பின் நிலவரலாறு மூன்று கட்டங்களை உடையது. முதற்கட்டத்தில் கழி நிரப்பப்பட்டு நெய்தல் திரிந்தது. இரண்டாம் கட்டத்தில் வசதிகள் அற்ற நிலையில் மக்கள் நெருக்கம் பெருகியது. மூன்றாம் கட்டத்தில் நெருக்கம் உயரத்தை நோக்கித் திரும்பியது; அடங்காதோர் உப்பளத்திற்கும் குப்பைக் கிடங்கிற்கும் நகர்த்தப்படும் நிலை தோன்றியது. மூன்று கட்டங்களிலும் சூழலின் சுமை நிலவுரிமை குறைந்தோர் மீதே இறங்கியுள்ளது.

நகரின் நடுவே நெருங்கி வாழ்தல் தன்னளவில் தீங்கன்று. உயரத்திற்கு ஏற்ற இடைவெளி, நீர் வடியும் நிலம், வீட்டிற்குள் கழிப்பறை, தொழிலுக்கும் கூடுதலுக்கும் உரிய தெரு ஆகியன உறுதி செய்யப்படின், அது சிக்கனமான வாழ்க்கை முறையாகவும் அமையும். குறைந்தபட்சக் குடியிருப்புகளின் எண்ணிக்கையை விதிக்கும் சட்டம், குறைந்தபட்ச ஒளியையும் காற்றையும் அதே உறுதியுடன் விதித்தல் வேண்டும். கிழக்கு மாட்டுங்காவிற்கு நூறாண்டுகளுக்கு முன் வழங்கப்பட்ட அளவுகோல் மேற்கேயுள்ள லேபர் கேம்பிற்கும் உரியதாகும்போதே இருப்புப் பாதையின் இருபுறமும் ஒரே நகரமாகும்.